பத்து நிமிட நடையும் பதினான்கு கிலோமீட்டரும்

1. பௌர்ணமிக்கு மறுநாள்

பௌர்ணமிக்கு மறுநாள் திருவண்ணாமலையில் எங்கள் கிளினிக்கில் போன் ஓயாது. பௌர்ணமியன்று மலை சுற்ற லட்சம் பேர் வருவதால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நோயாளிகள் வந்து சேர முடியாது என்பதால் டாக்டர் அன்றைக்கு லீவு விட்டுவிடுவார். அந்தக் கூட்டமும் சேர்ந்து மறுநாள் என் தலையில் வந்து விடியும்.

அப்படி ஒரு காலையில், நான் தோள் பையைக்கூட இறக்கவில்லை, மஞ்சுளா கூப்பிட்டாள். மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் ஏழுமலை ஒரு மாதமாக எங்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, அவரு இனிமே வரமாட்டாராம். அவரு டோக்கனை வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

"ஏம்மா? முந்தாநாள் நல்லாத்தானே வந்துட்டுப் போனாரு?"

"நேத்து அண்ணனும் தம்பியும் மலை சுத்தப் போனாங்க. ஆசிரமத்துகிட்ட உக்காந்தவரு எழுந்திருக்கவே இல்லியாம். அப்பால எப்படியோ இட்டுகினு வந்தாங்க. வந்து செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான். ஒரு வாய் காபிகூட எறங்கல."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அவரு இருக்கற நெலமையில யாரும்மா மலை சுத்தச் சொன்னது? வீட்டுக்கு ஒரு டாக்டர் இருக்கீங்களா நீங்கள்லாம்?"

மஞ்சுளா மெதுவாகச் சொன்னாள்.

"நீங்கதான் சொன்னீங்கன்னு அவரு அண்ணன் சொல்றாரு, யக்கா."

நானா? நான் எப்போது சொன்னேன்? போனை வைத்துவிட்டு டோக்கன் நோட்டை விரித்தேன். ஏழுமலை பேர் இருந்த பக்கத்தையே இரண்டு தடவை தாண்டிப் புரட்டினேன். கோபத்தில் கண் தெரியவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

2. பல் டாக்டருக்கு மேல் மாடி

நான் இந்த ஊரில் ஒரு மனநல டாக்டரின் கிளினிக்கில் பத்தொன்பது வருடம் முன் மேசையில் உட்கார்ந்தவள். டோக்கன் போடுவது, கேஸ் ஷீட் எடுத்து வைப்பது, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, போன் எடுப்பது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் என் வேலை. பள்ளிக்கூடத்தில் படித்தது பத்தாவது. மீதியை அந்த மேசையில் உட்கார்ந்து காதால் படித்தேன். வருகிறவர்கள் வாயிலிருந்து நல்ல பேச்சு ஏதாவது விழுந்தால், பேர் போடாமல் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்துக்கொள்வேன். "நெஞ்சுல ஈரச் சாக்கு போட்டாப்ல இருக்குது" என்றார் ஒரு கொத்தனார். "கெணத்துக்குள்ள உக்காந்துகினு ஊரு பேசறதைக் கேக்கற மாதிரி" என்றார் ஒரு டீச்சர். "கொழம்புல உப்பு இல்லைன்னு தெரியுது. இல்லாட்டி இன்னான்னும் தோணுது" என்றாள் ஒரு பெண். டிப்ரஷன் என்றால் என்ன என்று கேட்டால் நான் அந்த டைரியைத்தான் எடுத்து நீட்டுவேன்.

முட்டி தேய்ந்து வேலையை விட்டாயிற்று. இப்படிப்பட்ட மேசைகளில் இப்போது உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாத்திரை பேர் புரியாவிட்டால் மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளலாம். நம் வாய் தவறினால் போய்க் கேட்க எந்தக் கடையும் இல்லை.

எங்கள் கிளினிக் போளூர் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. கீழே பல் டாக்டர். இது எங்கள் ஆட்களுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் பல்வலி என்று சொல்லிவிடலாம் அல்லவா? கன்னத்தில் கையை வைத்தபடி வந்து நிற்பார்கள். தெருவில் ஆள் குறைந்ததும் கையை எடுத்துவிட்டு விறுவிறு என்று மாடி ஏறுவார்கள். "என் வாசல்ல கன்னத்தைப் புடிச்சிகினு நிக்கறவங்கள்ல பாதிப் பேரு உள்ள வந்திருந்தா, நான் இந்நேரம் இன்னொரு மாடி கட்டியிருப்பேம்மா" என்று பல் டாக்டர் என்னிடம் நொந்துகொள்வார். மனசுக்கு வைத்தியம் பார்ப்பதை மறைக்கப் பல்லைக் காட்டுகிற ஊர்! எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் குறையவில்லை.

ஏழுமலை வந்த அன்று அவர் கன்னத்தில் அவர் கை இல்லை. அவர் அண்ணன் பச்சையப்பன்தான் தம்பியின் கையைத் தூக்கிக் கன்னத்தில் ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். கையைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூட ஏழுமலைக்குத் தெம்பு இல்லை.

ஏழுமலை மிக்சி, கிரைண்டர் மெக்கானிக். பெரிய தெருப் பக்கம் ஒரு சின்னக் கடை. நாற்பது வயது சுமார். கடை ஷட்டர் ஏறாமல் நான்கு மாதம் ஆகியிருந்தது. காலையில் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், விடிந்ததும் எழ முடியாது. முதுகுவலி, நெஞ்சு பாரம், பசி இல்லை. எங்கள் ஹாலில் ஒரு சுவர் ஃபேன் இருந்தது. கட கட என்று எந்நேரமும் சத்தம் போடும். அவர் அதன் கீழேயே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சுளா என் காதருகே வந்து, "முன்னெல்லாம் எங்க போனாலும் இப்படிச் சத்தம் கேட்டா ஏறிச் சரி பண்ண ஸ்டூல் இருக்குதான்னு தேடுவாரு யக்கா. சொந்தக்காரங்க கல்யாணத்துல சாப்பிடாம மைக்செட்காரனோட ஸ்பீக்கரைக் கழட்டிகினு இருந்தவரு. இப்ப அது காதுலயே விழல பாருங்க" என்றாள்.

டாக்டர் பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதுவதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அன்று டைரியில் எழுதியது அதைத்தான்.

3. "ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க"

பச்சையப்பன் பாசக்காரர். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பேசினால் கீழே பல் டாக்டர் வரைக்கும் கேட்கும்.

"ஒடம்புல ஒண்ணுமில்லைன்றாங்கம்மா. ஸ்கேனு, ஈசிஜி எல்லாம் எடுத்தாச்சு. மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. நோய்க்கும் பார், பேய்க்கும் பார்னு ரெண்டையும் பாத்துட்டோம். நீங்க ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தி விடுங்க, தெம்பு வந்துடும்."

"இங்க பாட்டில் ஏத்தறதில்லைங்க."

"பாட்டிலே இல்லாம இது இன்னா ஆஸ்பத்திரி?"

டாக்டர் பார்த்துவிட்டு, இது டிப்ரஷன், மனச்சோர்வு நோய் என்றார். மாத்திரை எழுதினார். அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்று சொன்னார். கூடவே வாரம் ஒரு முறை ஹேமா மேடத்திடம் தெரபிக்கு வரச் சொன்னார். ஹேமா மேடம் எங்கள் சைக்காலஜிஸ்ட். வேலூர்ப் பக்கத்துப் பெண், வயது முப்பதுக்குள். அவர் அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு கடிகாரமும்தான் இருக்கும்.

பச்சையப்பன் என் மேசைக்கு வந்தார். "மாத்திரை செரி. பேசறதுக்கு எதுக்கும்மா வாரா வாரம் வரணும்? பேச நாங்க இல்லியா?"

"நீங்க என்ன பேசுவீங்க?"

"எழுந்திருடா, கடையைத் தொறடா, உனக்கு இன்னாடா கொறைச்சல்னு தெனம் சொல்றோமே!"

"நாலு மாசமா சொல்றீங்க. தொறந்தாரா?"

அவர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குக் கிளம்பினார்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. சோம்பேறி என்பார்கள். கொழுப்பு என்பார்கள். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள், கல்யாணமாகி இரண்டு பிள்ளை இருக்கிறவரைப் பார்த்து! "மனசை தைரியமா வெச்சுக்க" என்பது இன்னொன்று. கால் முறிந்தவனிடம் காலை தைரியமாக வைத்துக்கொள் என்று யாராவது சொல்வார்களா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் ஆட்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த நோய் அவர்களுக்கே வந்தாலும் தெரியமாட்டேன் என்கிறது. முதுகுவலி, கேஸ் டிரபிள் என்று ஆறு மாதம் சுற்றிவிட்டுத்தான் எங்கள் மாடிப்படியைக் கண்டுபிடிப்பார்கள்.

4. பத்துக்கு இரண்டு

தெரபி என்றால் புத்திமதி சொல்வது என்றுதான் நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன். ஹேமா மேடம் புத்திமதியே சொல்லமாட்டார். முதல் இரண்டு வாரம் ஏழுமலையிடம் ஒரு நாளை மணிக்கு மணி கேட்டு எழுதினார். ஆறு மணிக்கு என்ன செய்தீர்கள், படுத்திருந்தேன். ஏழு மணிக்கு, படுத்திருந்தேன். அப்படியே ஒரு பக்கம் முழுவதும் இருந்தது.

பிறகு மேடம் சொன்னதை மஞ்சுளா எனக்குச் சொன்னாள். மனசு சரியானதும் வேலை செய்யலாம் என்று ஏழுமலை காத்திருக்கிறார். இந்த நோயில் அது நடக்காது. படுக்கப் படுக்க மனசு இன்னும் இறங்கும், இறங்க இறங்க இன்னும் படுக்கத் தோன்றும். அதனால் மனசைக் கேட்காமல் கைகாலை ஒரு துளி அசைக்க வேண்டும். மனசு பின்னால் மெதுவாக வரும். அந்த ஒரு துளி எவ்வளவு என்று அளப்பதுதான் மேடத்தின் வேலை.

மூன்றாம் வாரம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். காலையில் பத்து நிமிடம் நடை, போய்த் திரும்ப. வந்ததும் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுத வேண்டும். எங்கள் கிளினிக்கில் மருந்துச் சீட்டோடு இந்தச் சீட்டையும் நான்தான் படித்துச் சொல்லி அனுப்புவேன்.

அடுத்த வாரம், பௌர்ணமிக்கு முதல் நாள், ஏழுமலை மார்க் நோட்டோடு வந்தார். நான்கு நாள் நடந்திருந்தார். ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு. ஹேமா மேடம் முகமெல்லாம் சிரிப்பாக ஹாலுக்கே வந்து அவருக்குக் கை கொடுத்தார்.

பச்சையப்பன் நோட்டை எட்டிப் பார்த்தார். "பத்துக்கு ரெண்டு எடுத்தா எங்க வாத்தியாரு முட்டி போட வெப்பாரு. இதுக்குப் போயி கை குடுக்கறாங்க!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழுமலை நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

5. யார் சொன்னது

மஞ்சுளா போன் செய்த அன்று, பதினொரு மணிக்குள் பச்சையப்பனே மாடி ஏறி வந்துவிட்டார். கன்னத்தில் கை இல்லை. ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். நான் காத்திருக்கவில்லை.

"ஏங்க, சீட்டுல பத்து நிமிஷம்னு எழுதியிருக்குது. உங்களுக்குப் படிக்கத் தெரியாதா? பத்து நிமிஷம் எங்க, பதினாலு கிலோமீட்டர் எங்க? ஒரு மாத்திரை போடச் சொன்னா அட்டையோட முழுங்குவீங்களா?"

"நான் உன்னைக் கேட்டுகினுதான் போனேம்மா!" அவர் குரல் என்னைவிட உயர்ந்தது. "முந்தாநாள் இதே எடத்துல நின்னு கேட்டேன். போனைக் காதுல வெச்சிகினு, கையால நகரு நகருன்னு காட்டிகினு இருந்த. நடந்தா நல்லதாம்மான்னேன். நல்லதுதான்னு சொன்ன. ஜாஸ்தி நடந்தான்னேன். 'எவ்ளோ நடந்தாலும் நல்லதுதாங்க, நகருங்க, பின்னாடி ஆளு நிக்கறாங்க'ன்னு சொன்னியா இல்லியா?"

சொன்னேன். அந்த நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்தது. பௌர்ணமிக்கு முதல் நாள், ஹால் நிறைய ஆள், காதில் போன். வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினேன். திருவண்ணாமலையில் நின்றுகொண்டு, பௌர்ணமிக்கு முதல் நாள், எவ்வளவு நடந்தாலும் நல்லது என்று ஒருவரிடம் சொன்னால் அவர் எங்கே நடப்பார்? இந்த ஊரிலேயே பிறந்து, நானே மாதா மாதம் மலை சுற்றுகிறவள். எனக்குத் தெரியாதா?

என் முகத்தைப் பார்த்து அவர் குரலைத் தணித்துக்கொண்டார். எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சாமியும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சுன்னுதாம்மா இட்டுகினு போனேன். எங்க வீட்டாண்ட இருந்து கெளம்பினோம். டவுன் தாண்டுற வரைக்கும் செரியாத்தான் வந்தான். ஆசிரமத்துகிட்ட உக்காந்துட்டான். ஆட்டோவும் விடமாட்டாங்க நேத்து. பாதியில வுடக்கூடாதேன்னு நானும் தைரியம் சொன்னேன். பாருடா, எழுபது வயசுக் கெழவி போவுது, இடுப்புல கொழந்தையோட ஒரு பொண்ணு போவுது, உனக்கு இன்னாடான்னு. வழி பூரா சொல்லிகினேதான் வந்தேன்."

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பத்து நிமிடம் நடந்து பத்துக்கு இரண்டு வாங்கிய மனிதரை லட்சம் பேர் நடுவில் நிறுத்தி, எல்லாரும் பாஸ், நீ மட்டும் ஃபெயில் என்று வழியெல்லாம் காட்டியிருக்கிறார். அதுவும் பாசத்தில்!

"வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாம்மா." பச்சையப்பன் ஸ்டூலை என் மேசைக்கு இன்னும் நெருக்கினார். "'மலை சுத்தக்கூட லாயக்கில்ல நான். நான் இல்லாட்டி நீங்கள்லாம் நிம்மதியா இருப்பீங்க'ன்னான்."

ஹேமா மேடம் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இப்போ அவர்கூட யார் இருக்காங்க?" என்றார்.

"மஞ்சுளா இருக்குது."

மேடம் என் மேசை போனிலேயே மஞ்சுளாவைக் கூப்பிட்டு ஏழுமலையிடம் கொடுக்கச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "ஏழுமலை, செத்துப்போயிடலாம்னு நெனப்பு வருதா?" என்று நேராகக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லாத நினைப்பை நாமே எடுத்துக் கொடுப்பதா என்று பயந்தேன். அந்தப் பயம் தப்பு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கேட்பதால் அந்த நினைப்பு வருவதில்லை. ஏற்கெனவே வந்திருந்தால், அதைத் தனியாகச் சுமக்கிறவர் கீழே இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. மேடம் "ம்... ம்..." என்று கேட்டார். "சொன்னது நல்லது. நீங்க சொன்னதுக்கு எனக்கு சந்தோஷம்" என்றார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அவரை ஒரு நிமிடமும் தனியாக விடக்கூடாது, ஆபத்தான பொருள் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு அப்புறப்படுத்துங்கள் என்று மஞ்சுளாவிடம் சொன்னார்கள். இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஏழுமலை வரமாட்டேன் என்றார். அப்படியானால் போய் அழைத்து வாருங்கள் என்று மேடத்தை அனுப்பினார்.

"நானும் வரேன்" என்றேன். மேடம் என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

அடி அண்ணாமலையில் நேற்றைய கூட்டத்தின் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சட்டை நேற்றையது. மார்க் நோட்டு பையில் துருத்திக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். முட்டி அப்போதே மடங்காது.

"ஏழுமலை, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் முதுகைப் பார்த்தே மேலே சொன்னேன்.

"மேடம் எழுதினது பத்து நிமிஷம். எவ்ளோ நடந்தாலும் நல்லதுன்னு உங்க அண்ணங்கிட்ட சொன்னது நானு. ரெண்டு சொட்டு விடச் சொன்ன மருந்தை நான் சொம்புல ஊத்திக் குடுக்கச் சொல்லிட்டேன். அது ஒத்துக்காமப் போனா, அது குடிச்சவரோட தப்பா?"

பச்சையப்பன் கதவருகே நின்று மூக்கைச் சிந்தினார். அதுவும் சத்தமாகத்தான்.

ஏழுமலை திரும்பினார். "அப்ப... நான் தோக்கலியா?" என்றார்.

"உங்களுக்குப் பரீட்சையே வெக்கல, தோக்கறதுக்கு" என்றார் ஹேமா மேடம்.

அவர் எழுந்து உட்கார அரை மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். பிறகு எங்களோடு ஆட்டோவில் ஏறினார். பல் டாக்டர் வாசலில் இறங்கியபோது கன்னத்தில் யாரும் கை வைக்கவில்லை.

6. மணி அடித்தால் திரும்பணும்

டாக்டர் மாத்திரையை மாற்றினார். முதல் பத்து நாள் தினமும் போனில் கூப்பிட்டோம். தெரபி வாரத்துக்கு இரண்டு முறை ஆயிற்று. மேடம் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்: காலையில் வாசல் வரைக்கும் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து இரண்டு நிமிட நடை. பிறகு ஐந்து.

பச்சையப்பனுக்கும் ஒரு சீட்டு கிடைத்தது. தம்பியோடு நடக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. செல்போனில் மணி அடித்ததும், இன்னும் நடக்க முடிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

"முடிஞ்சாலுமா?" என்று என்னிடம் வந்து முறையிட்டார். "இன்னும் நாலடி வெச்சா டீக்கடைம்மா! அதுக்குள்ள மணி அடிக்குது!"

"அடிச்சா திரும்புங்க. டீக்கடை நாளைக்கும் அங்கதான் இருக்கும்."

"பேசாம நடக்கச் சொல்றாங்களே, அது அதைவிடப் பேஜாரும்மா. எனக்குத்தான் ஏதாச்சும் வந்துடும்போல இருக்குது."

இந்த முறை போனைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, சீட்டில் இருந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

நேர்க்கோடாக ஏறியது என்று நினைக்க வேண்டாம். மூன்று நாள் நன்றாக இருப்பார், இரண்டு நாள் போர்வைக்குள் போய்விடுவார். ஆறாவது வாரம் மஞ்சுளா மாத்திரையை நிறுத்திவிட்டாள். "நல்லாத்தானே இருக்காரு யக்கா, எதுக்கு வீணா?" நல்லாயிருப்பதே அதனால்தான் என்று இந்த ஊரில் எத்தனை பேருக்குத்தான் சொல்லி மாளுவது? கத்தினேன். பிறகு மன்னிப்பும் கேட்டேன். மறுபடி ஆரம்பித்தாள்.

மேடத்தின் அறையில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. 'நான் உதவாக்கரை' என்று ஏழுமலைக்கு ஓயாமல் தோன்றுமாம். அதை விரட்டாதீர்கள், எழுதுங்கள் என்றார் மேடம். பக்கத்திலேயே அதற்கு என்ன சாட்சி, அதற்கு எதிராக என்ன சாட்சி என்று எழுத வேண்டும். "கோர்ட்டு மாதிரி யக்கா" என்று ஏழுமலை என்னிடம் சொன்னார். "இத்தினி நாளா ஒரே கட்சி வக்கீலு மட்டும் பேசிகினு இருந்தாரு. எதிர்க்கட்சிக்கு ஆளே வெக்கல." இதையும் டைரியில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் டோக்கனுக்குக் காத்திருந்தார். நான் கேஸ் ஷீட் தேடிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஃபேன் வழக்கம்போலக் கட கட என்றது.

"யக்கா, ஸ்டூல் இருக்குதா?"

நிமிர்ந்தேன். ஏழுமலை அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல தண்டைத் தாங்கற புஷ் தேஞ்சிருக்குது. இத்தினி நாளா எப்படித்தான் இது கீழ உக்காந்திருந்தீங்க?"

அதன் கீழேயே மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தது அவரும்தான் என்று அவரிடம் யார் சொல்வது? மஞ்சுளா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பச்சையப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கேஸ் ஷீட்டோடு இருந்த அவருடைய 'வாயைத் திறக்கக் கூடாது' சீட்டை நான் எடுத்துக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

7. எனக்கு வந்த சீட்டு

பிறகு ஏழுமலை கடையைத் திறந்தார். முதலில் அரை ஷட்டர், ஒரு மணி நேரம். மேடம் சொன்ன அளவுதான். முழு ஷட்டர் ஏற இன்னும் மாதங்கள் ஆயின. மாத்திரையை டாக்டர் சொன்ன பிறகே குறைத்தார். இன்றைக்கும் நடுவில் ஒரு வாரம் மனசு இறங்கினால் அவரே போன் செய்து டோக்கன் போட்டுக்கொள்கிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரை மாத்திக்குங்க. தொழிலை மாத்தாதீங்க, என்னை டெய்லராக்கிட்டா கோவம் வரும்" என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

அந்த மேசையில் நான் கற்றது ஒன்றுதான். உள்ளே டாக்டரும் மேடமும் எவ்வளவு அளந்து கொடுத்தாலும், அது வெளியே போவது நம் வாய் வழியாகத்தான். அவர்கள் கொடுத்த அளவோடு நம் ஆர்வத்தையோ அவசரத்தையோ சேர்த்துக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரே அடியாக ஓங்கி அடித்தால் அம்மி உடையும். அதற்கு ஒருவரும் பழமொழி எழுதி வைக்கவில்லை.

நான் வேலையை விட்ட புதிதில் என் வீட்டு மிக்சி புகைந்துவிட்டது. இட்லி மாவு, மிளகாய்ப் பொடி என்று எல்லாவற்றையும் அதிலேயே மணிக்கணக்காக அரைத்திருந்தேன். ஏழுமலை கடைக்குக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாளில் பச்சையப்பன் அதைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்தார். தம்பி கடைக்குச் சாமான் எடுத்துப்போவதும் கொண்டுவருவதும் இப்போது அவர்தான். ஜாரின் மேல் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு சீட்டு இருந்தது. ஏழுமலையின் கையெழுத்து.

'அஞ்சு நிமிஷம் ஓட்டணும். ரெண்டு நிமிஷம் ஆற விடணும். எவ்ளோ ஓட்டினாலும் நல்லதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க யக்கா.'

நான் படித்து முடிக்கும் வரை பச்சையப்பன் நின்றுகொண்டிருந்தார். "இன்னாம்மா போட்டிருக்கான்? என்னைப் படிக்கக் கூடாதுன்னுட்டான்" என்றார்.

படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.